பாப்பாவுக்கு எந்தச் சோப்பு?

கொல்லங்கோடு
19-6-2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஆர்த்தி எழுதுவது. நானும் அவரும் அம்மாவும் சுகம். சின்னவன் பிறந்து ஒரு மாதமும் ஒரு நாளும் ஆகிறது. அவனும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், மீதியைக் கீழே சொல்கிறேன். நீயும் அத்தானும் பாப்பாவும் அங்கே எப்படியிருக்கிறீர்கள்?

உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது தெரியுமா? சித்தூர்க் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், உடனே வந்து கூட்டிப் போ என்று அழுது எழுதியது. உன் போன் மழைத் தண்ணீரில் விழுந்துவிட்டது, டவரும் சரியில்லை, அத்தான் போனும் நாள் முழுக்க அவரோடு ஜீப்பில் போய்விடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று அம்மா சொன்னாள். "எழுதுடி. உக்காந்து எழுதினா உனக்கும் மனசு ஆறும்" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவனுக்குக் கன்னத்திலும் கழுத்து மடிப்பிலும் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது. பார்க்க வந்தவர்கள் தந்த டப்பாக்கள் அலமாரி முழுக்க நிற்கின்றன. மூன்று சோப்பு, நான்கு பவுடர், எண்ணெய், லோஷன், இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்று. எல்லாவற்றின் மேலும் "மென்மை" என்று போட்டிருக்கிறது. நான் பி.எஸ்சி. வேதியியல், பின்னால் இருக்கும் பெயர்களை எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுவேன். எதைப் பிள்ளை மேல் தேய்ப்பது என்பதுதான் தெரியவில்லை. நீ ஏழு வருஷமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். நீ சொன்னால் நம்புவேன்.

வீட்டுக்காரம்மா கமலாத்தாள் தினமும் மாடியேறி வந்துவிடுகிறார். "ஏனுங் கண்ணு, படிச்ச புள்ளைங்க டப்பாவப் படிச்சேதான் புள்ள வளத்துவீங்களாக்கு? பாசிப்பயத்த மாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுத் தேச்சு உடுங்க, தோலு வெண்ணையாட்ட ஆயிரும்" என்கிறார். அம்மா வாயே திறப்பதில்லை. உன் பிரசவத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவள் பேச்சே குறைந்துவிட்டது. வயதாகிறது போல.

எனக்கும் ஒரு பாடு. பால் கொடுக்கிற இடத்தில் வெடித்து ரத்தம் கசிகிறது. அவன் வாய் வைத்தால் கால் விரல்வரை சுண்டுகிறது. உனக்கும் இப்படித்தானா? என்ன போடுகிறாய்? பாப்பா எட்டாம் மாசத்திலேயே வந்தவளாயிற்றே, அவள் தோல் இன்னும் மெல்லிசாக இருக்குமே. அவளுக்கு எந்தச் சோப்பு?

உடனே பதில் போடு. பாப்பாவின் உள்ளங்காலில் ஒரு முத்தம்.

உன் தங்கை,
ஆர்த்தி

•

மறையூர்
24-6-2023

அன்புள்ள ஈஸ்வரன் தம்பிக்கு,

சங்கரி எழுதுவது. உங்கள் கடை விலாசத்துக்கு எழுதுவதால் இது ஆர்த்தி கையில் கிடைக்காது என்று நம்புகிறேன். அவள் கடிதம் வந்தது. அதற்குப் பதிலை வீட்டு விலாசத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பாப்பா போய்விட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம். மண் போட்டுவிட்டு வந்து கால் கழுவுவதற்குள்ளேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவ பச்சை உடம்புக்காரி. கேட்டான்னா அன்னைக்கே பால் வத்திரும். அந்தப் புள்ளையாவது நல்லா குடிக்கட்டும். மூணு மாசம் போகட்டும் சங்கரி." எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆர்த்திக்கு வேறு சின்னதிலிருந்தே எதற்கெடுத்தாலும் நடுக்கம்.

போன் தண்ணீரில் விழவில்லை, தம்பி. நான்தான் அணைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் குரலில் ஒரு மூச்சு மாறினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். எழுத்து அப்படியில்லை.

அவள் எதிரில் நீங்கள் சிரித்த முகமாக இருக்க வேண்டும். அந்தப் பாரத்தையும் உங்கள் மேல் ஏற்றியதற்கு வருந்துகிறேன். ஜெகன் உங்களைக் கேட்டதாகச் சொன்னார்.

சங்கரி

•

மறையூர்
24-6-2023

அன்புள்ள ஆர்த்திக்கு,

உன் கடிதம் கண்டேன். சின்னவன் பால் குடித்துத் தூங்குகிறானா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை.

டப்பாவின் முன்பக்கத்தைப் படிக்காதே. "மென்மை" என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்பக்கத்தைப் படி. "பர்ஃப்யூம்", "ஃப்ரேக்ரன்ஸ்" என்று இருந்தால் அதை எடுத்து வைத்துவிடு. குழந்தைக்கு வாசனை எதற்கு? வாசனை எல்லாம் வாங்குகிறவர்களுக்குத்தான். பவுடர் நான்கையும் யாருக்காவது கொடு, இல்லாவிட்டால் கேரம் போர்டில் போடு. அந்தத் தூள் பிள்ளையின் மூச்சில் போகக் கூடாது. நுரை அதிகம் வராத, வாசனை சேர்க்காத சோப்பு ஒன்று போதும், அதுவும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. மற்ற நாளில் வெதுவெதுப்பான தண்ணீர். மடிப்பில் ஈரம் நிற்காமல் ஒற்றியெடு, தேய்க்காதே. புதிதாக எதைப் போட்டாலும் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்து ஒரு நாள் பார். ஒரு சமயத்தில் ஒன்றுதான். பயறு மாவும் மஞ்சளும் இப்போது வேண்டாம். அந்தம்மாவிடம் சண்டை போடாதே, "சரிங்க" என்று வாங்கி வைத்துக்கொள். ஒரு வாரத்தில் சிவப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டு.

உனக்கு: பால் கொடுத்ததும் உன் பாலையே இரண்டு சொட்டு தடவிக் காற்றில் உலர விடு. லேனோலின் களிம்பு என்று கேள், துடைக்காமலேயே பிள்ளைக்குக் கொடுக்கலாம். வாய் வைக்கிற விதம் சரியா என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஒருமுறை காட்டு, பாதி வெடிப்பு அதனால்தான். எனக்கு அந்த வலி இல்லை.

பாப்பாவுக்கு இப்போது சோப்பே போடுவதில்லை. அவள் அழுவதில்லை. ஒரு தொந்தரவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

கொல்லங்கோடு
20-7-2023

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. எழுத உட்கார்ந்தால் அவன் எழுந்துவிடுகிறான். எல்லாரும் சுகம்தானே அங்கே? இங்கே அம்மாவுக்கு மட்டும் முட்டி வலி.

நீ சொன்னபடி செய்தேன், கழுத்துச் சிவப்பு அடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். கடைசி வீட்டு கோமதி அக்கா "வெளிநாட்டுச் சரக்கு, கையில ஒட்டவே ஒட்டாது" என்று ஒரு க்ரீம் கொடுத்தார். நீ சொன்ன முன்கைச் சோதனையை மறந்து உடம்பு முழுக்கத் தடவிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளை செம்பருத்தியாகிவிட்டான். டாக்டர் என்னைப் பார்த்து, "அம்மா எந்து வரெ படிச்சு?" என்று கேட்டார். பி.எஸ்சி. என்று சொல்ல வாய் வரவில்லை, பத்தாவது என்று சொல்லிவிட்டேன். கமலாத்தாளுக்கு ஒரே குஷி. "நாஞ் சொன்னனுங்களா? சீமைச் சரக்கு சீமைத் தோலுக்குத்தானுங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது சரியாகிவிட்டது. ஆனால் அவனைத் தொடவே பயமாக இருக்கிறது அக்கா. என் கையிலேயே ஏதோ இருப்பது போல.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. "அவள் அழுவதில்லை, ஒரு தொந்தரவும் இல்லை" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குப் பொறாமையாக வந்தது. கடிதத்தைத் தூக்கிப் போட்டேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி? நீ குடுத்து வச்சவ அக்கா. உனக்கு எல்லாம் சுலபமாக அமைந்துவிடுகிறது.

பாப்பா என்ன நிறம்? யார் ஜாடை? அத்தான் போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். அம்மாவிடம் கேட்டால் "எல்லாப் புள்ளையும் போலத்தான்" என்று எழுந்து போய்விடுகிறாள்.

ஆர்த்தி

•

மறையூர்
29-7-2023

அன்புள்ள ஆர்த்திக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கையில் ஒன்றும் இல்லை, பைத்தியம். தைரியமாகத் தொடு. நிறையத் தொடு. பிள்ளைத் தோலுக்குத் தாயின் கைச்சூட்டைவிட வேறு மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

போட்டோ வேண்டாம். வருஷம் திரும்புகிற வரைக்கும் எடுக்கக் கூடாது, கண்பட்டுவிடும் என்று என் மாமியார் சொல்கிறார்.

நிறம் கேட்டாயே. நம் அப்பா நிறம். பாகு காய்ந்து உருண்டை பிடிக்கிற பதத்தில் வெல்லம் இருக்குமே, அந்த நிறம். காது ஜெகனுக்கு. வலது காதுக்குப் பின்னால் கடுகளவு மச்சம். நெற்றியில் பூனைமுடி.

இதை எழுதி நிறுத்த நினைத்தேன். இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். குளிப்பாட்டும்போது காலால் தண்ணீரைத் தட்டுகிறாள். துண்டைச் சுற்றினால் அழுகை, அவிழ்த்தால் சிரிப்பு. தேங்காயெண்ணெய் மட்டும்தான், அதுவும் குளிக்கும் முன்னால் கொஞ்சம். உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பண்ணித் தடவினால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

சின்னவன் என்ன செய்கிறான்? அடுத்த கடிதம் சீக்கிரம் எழுது. பாப்பாவைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேள்.

அக்கா

•

கொல்லங்கோடு
21-8-2023

அன்புள்ள மதினிக்கு,

ஈஸ்வரன் எழுதுவது. அண்ணனும் நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மூன்று மாதம் கழிந்துவிட்டது. பையன் ஆறு கிலோ. பால் நன்றாக இருக்கிறது, ஆர்த்தியும் தேறிவிட்டாள். இனி சொல்லிவிடலாம் என்று அத்தையே சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தால் அவள் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். பாப்பா தண்ணீரைத் தட்டுகிறாள் என்று வாசித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். "பொம்பளப் புள்ள இல்லன்னு உங்களுக்குப் பொறாமை" என்று சிரிக்கிறாள். போன வாரம் ஒரே துணியில் இரண்டு சட்டை எடுத்திருக்கிறாள். ஓணம் விடுமுறைக்கு மறையூர் வருகிறோம் என்று பையில் அடுக்கிவிட்டாள். அங்கே வந்து, வாசலில் நின்று, அவள் தெரிந்துகொள்ளக் கூடாது, மதினி.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நானே பக்குவமாகச் சொல்கிறேன்.

ஈஸ்வரன்

•

மறையூர்
25-8-2023

ஈஸ்வரன் தம்பிக்கு,

வேண்டாம். இன்னும் ஒரு மாதம். ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, ஜீப்பே போகவில்லை என்று சொல்லி அவளை நிறுத்துங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். அவளுக்காக ஆரம்பித்தது, உண்மைதான். இங்கே யாரும் பாப்பா பெயரை எடுப்பதில்லை, தம்பி. நான் கடைக்குப் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். பிள்ளைச் சோப்பு கேட்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஜெகன் சவாரி, சவாரி என்று வீட்டுக்கே வருவதில்லை. ஆர்த்தி ஒருத்திதான் கேட்கிறாள். என்ன போடுகிறாய், எப்படித் தூங்குகிறாள், குப்புற விழுந்தாளா. அவள் கேட்கிற வரைக்கும்தான் என் பிள்ளைக்கு வயது ஏறும்.

தப்பு என்று எனக்குத் தெரியும்.

சங்கரி

•

மறையூர்
25-8-2023

அன்புள்ள ஆர்த்திக்கு,

சுகம்தானே? மண் சரிந்து வழி அடைத்திருக்கிறது. கைப்பிள்ளையோடு வர வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

பாப்பா நேற்றுக் குப்புற விழுந்தாள். ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது, எடுத்துவிட்டேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள் பார், ஏதோ பெரிய மலையில் ஏறிவிட்டது போல. முதுகில் கொஞ்சம் வியர்க்குரு. பருத்திச் சட்டையை மாற்றினேன், ஒன்றும் தடவவில்லை, தானே போய்விட்டது. உன்னுடையவனுக்கும் வந்தால் அப்படியே செய். தலையில் பொருக்கு இருந்தால் எண்ணெய் தொட்டு ஊற வைத்து மெல்லிய சீப்பால் வாரு, பிய்க்காதே. பாப்பாவுக்கு அப்படித்தான் போயிற்று. நகம் வெட்டத்தான் விடமாட்டேன் என்கிறாள், பால் குடித்துக் கண் சொருகும்போது வெட்டுகிறேன்.

இன்னும் என்னவெல்லாமோ இருக்கிறது. நீ எழுது.

அக்கா

•

கொல்லங்கோடு
18-11-2023

அக்கா,

உன் கடைசிக் கடிதம் வந்து மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். இந்தத் தாமதத்துக்குச் சின்னவன் காரணமில்லை.

எனக்குத் தெரியும். செப்டம்பர் கடைசியில் தெரிந்தது. அவர் சொல்லவில்லை, அவர் மேல் கோபப்படாதே. அம்மா காலை நீட்டிச் சின்னவனைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். "பாப்பாவும் குப்புற விழுந்துட்டாளாம்மா, அக்கா எழுதியிருக்கா" என்றேன். அம்மா கை அப்படியே நின்றது. "ஒரு கால்ல இவன், ஒரு கால்ல அவ, ரெண்டையும் போட்டுக் குளிப்பாட்டணும்னு இருந்தேன்டி" என்றாள். பிறகு சோப்பு நுரையோடு பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள்.

பால் வற்றவில்லை அக்கா. அன்றைக்கும் சுரந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் உனக்கு என்னவெல்லாம் எழுதினேன்! வெடிப்புக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டேன். குடுத்து வச்சவ என்று எழுதினேன். நீ உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறாய். கோபமாகவும் வந்தது. என்னைக் கேட்க விட்டுவிட்டாயே, ஏன் நிறுத்தவில்லை? நீ அவருக்கு எழுதிய கடிதம் இரண்டையும் காட்டினார். கோபம் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது என்னவென்று எனக்குப் பெயர் தெரியவில்லை.

அக்டோபரில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். "பனிக்காலம் வருகிறதே, ரெண்டு பேருக்கும் எந்தக் க்ரீம் நல்லது? பாப்பா உட்காருகிறாளா?" என்று. எதுவும் தெரியாதவளாக. தபால்தலை ஒட்டிப் பையில் வைத்திருந்தேன், நான்கு நாள். போட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பொங்கலுக்குப் பல் முளைத்திருக்கும், சித்திரையில் எழுந்து நின்றிருப்பாள். கேட்பது பாவமா, கேட்காமல் விடுவது பாவமா? தபால் பெட்டி வரைக்கும் இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தேன். ஐந்தாம் நாள் கிழித்துவிட்டேன்.

தண்ணீரைத் தட்டிய பாப்பாவை எனக்குத் தெரியும். ஆறு நாள் இருந்தவளைத் தெரியாது. நீ தனியாக வைத்திருக்கிறாயே அவளை, அவள்தான் என் அக்கா மகள். அவளைப் பற்றி ஒரே ஒருமுறை எழுது. எழுத முடியாவிட்டால் வெறும் தாளையாவது அனுப்பு.

ஆர்த்தி

•

மறையூர்
26-11-2023

அன்புள்ள ஆர்த்திக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அம்மாவும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டும். இன்று காலை போனைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டேன். ஆனால் இதை என்னால் பேச முடியாது. நீ படித்த பிறகு கூப்பிடு.

ஆறு நாளும் அவள் எறணாகுளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டும்போது மருந்துக்கடைக்காரி அல்லவா, எல்லாம் தேர்ந்து எடுத்து வைத்திருந்தேன். வாசனையில்லாத சோப்பு, களிம்பு, மெல்லிய துண்டு. எதையும் திறக்கவில்லை. அவள் தோல் வெங்காயத்தின் உள்தோல் போல இருந்தது. ட்யூப் ஒட்டிய பிளாஸ்டரை மாற்றினால் அதோடு உரிந்து வந்தது. முழங்கைவரை மூன்று தரம் கழுவிவிட்டு உள்ளே போவேன். சிஞ்சு என்று ஒரு நர்ஸ். "சேச்சி, ஒரு விரல் மதி" என்பாள், ஒரு விரல் போதுமென்று. ஒரு விரல்தான் வைத்தேன், ஆறு நாளும். அதைப் பிடித்துக்கொள்வாள். மச்சமும் பூனைமுடியும் பொய்யில்லை. நிறமும் பொய்யில்லை.

ஆறாம் நாள் காலையில் சிஞ்சு ட்யூப்களை எல்லாம் எடுத்துவிட்டு என் மடியில் வைத்தாள். வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்தாள். சோப்பு இல்லாமல் குளிப்பாட்டினேன். இனி எவ்வளவு தொட்டாலும் அவளுக்கு வலிக்காது என்று தெரிந்து, முழுக்கையாலும் தொட்டேன்.

மற்றது உனக்கு அம்மா சொல்லியிருப்பாள். பால் கட்டி நான் புழுவாய்த் துடித்தது, பக்கத்து வீட்டுப் பூமாரி அக்கா பால் வற்றட்டும் என்று மல்லிகைச் சரத்தை மாரோடு வைத்துக் கட்டியது. அம்மாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அவள் இங்கே வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். ஜெகன் ஜீப்பை ஓட்ட, நான் பின்னால் தனியாகப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூணாறு தாண்டி, சந்தனக்காட்டுச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். சந்தனக்கட்டை கடத்துகிறார்களோ என்று துணி மூட்டை எதைப் பார்த்தாலும் அவிழ்த்துப் பார்ப்பார்களே. ஜோமோன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஃபாரஸ்ட் கார்டு, புது ஆள். ஜெகன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். கார்டு பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "அது எந்தா சேச்சி?" என்றார்.

"புள்ள சார். தூங்குது" என்றேன்.

அந்தப் பொய்யை உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அய்யோ, உறங்ஙிக்கோட்டே" என்று கிசுகிசுப்பாகச் சொன்னார். பின்னால் ஹாரன் அடித்த லாரிக்காரனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். குறுக்குக் கம்பியை எப்போதும் படாரென்று தூக்கி விடுவார்கள். அவர் சத்தம் வராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே மெல்ல மெல்ல உயர்த்தினார், நாங்கள் கடக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், என் பிள்ளை விழித்துவிடக் கூடாது என்று.

உன் அக்கா,
சங்கரி